கதவை மறிக்கும் வக்கீல்

சட்ட வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மதலைமுத்து வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்து போய், கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிடுவார். பேச வந்தவர் சேலத்துப் பெரிய வக்கீலாக இருக்கட்டும், ஓய்வுபெற்ற நீதிபதியாக இருக்கட்டும், அவர் பேசி முடித்து உட்காரும்வரை அந்தக் கதவு திறக்காது. ஒரே ஒரு மின்விசிறி உள்ள அறை அது. தர்மபுரி வெயிலில் கறுப்புக் கோட்டோடு முப்பது பேர் அதற்குள் அடைந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. யாராவது நைசாக எழுந்து வந்து, “அண்ணே, ஒரே நிமிசம், பீடி பத்த வெச்சுட்டு வந்துடறேன்” என்று கெஞ்சினால், “உள்ளயே பத்த வைப்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்பார். “ஒண்ணுக்குப் போவணும்ண்ணே” என்றால், “அடக்கிக்கோ. கச்சிக்காரன் ஜெயில்ல எதை எதையோ அடக்கிக்கிட்டுக் கெடக்கறான்” என்பார். கதவை விட்டு ஒரு அங்குலம் நகர மாட்டார்.

சக வக்கீல்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘வார்டர்’. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வக்கீல் சங்கத்தில் நடக்கும் இந்தச் சட்ட வகுப்புக்கு ‘ரிமாண்டு’ என்று பெயர். “இந்த மாசம் ரிமாண்டு எப்பண்ணே?” என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. தேதியைச் சொல்லிவிட்டு, “கட்டாயம் வந்துடு” என்பார்.

இன்னொரு கிறுக்கும் அவருக்கு உண்டு. வந்தவர் எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, கடைசியில் கதவடியிலிருந்து கை தூக்குவார். “ஐயா, அப்படியே அந்த இருநூத்தி முப்பத்தஞ்சு ரெண்டைப் பத்தியும் நாலு வார்த்தை சொல்லிடுங்க.” முத்திரைத்தாள் சட்டத்தைப் பற்றிப் பேச வந்த ஒரு பெரியவர், இது என்னடா வம்பு என்று திருதிருவென்று விழித்தார். எழுபத்து நாலில் அமலுக்கு வந்த புதிய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் உள்ள பிரிவு அது. ஒருவன் குற்றவாளி என்று நீதிபதி முடிவு சொன்ன பிறகு, தண்டனையை அறிவிக்கும் முன்னால், “தண்டனையைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்?” என்று அவனைக் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் இப்படி ஒரு கேள்வி கிடையாது. குற்றவாளி என்ற மூச்சிலேயே தண்டனையும் வந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. அந்த அறையில் உள்ள நாற்காலிகளுக்குக்கூட இந்நேரம் இது மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனாலும் மாதா மாதம் அதை யாராவது ஒருவர் வாயால் அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்த மனிதர் எப்போதும் இப்படி இருந்தவரில்லை. பாலக்கோட்டுப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற கத்தோலிக்கக் குடும்பம். மண்ணைக் கிளறிய கையில் சட்டப் புத்தகத்தைப் பிடித்த முதல் ஆள் அவர்தான். இப்போதும் வாக்கியத்தின் நடுவில் ஆங்கிலம் வந்தால் மேடு ஏறுகிற மாடு மாதிரி ஒரு மூச்சு வாங்கிக்கொள்வார். ஆள் கூட்டுவதிலும் விருந்து வைப்பதிலும் மன்னன். சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆகியும் நமக்கு ஒரு சட்ட வகுப்பு இல்லையே, சேலத்துக்காரன் சிரிக்கிறானே என்று அடித்துக்கொண்டு இந்த வகுப்பை ஆரம்பித்ததே அவர்தான். சங்கச் செயலாளரும் அவரே. பேசுகிறவரை பஸ் நிலையத்திலிருந்து அழைத்து வருவது, மாலை, சோடா, போண்டா, கார் வந்தால் டிரைவருக்குச் சாப்பாடு, எல்லாம் அவர் பொறுப்பு. அடேயப்பா, என்ன ஓட்டம்! கல்யாண வீட்டுக்காரன்கூட அப்படி ஓட மாட்டான். ஆனால் கல்யாண வீட்டுக்காரன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? வகுப்பில் உட்கார்ந்து ஒரு பேச்சை முழுசாகக் கேட்கவும் அவரால் முடிந்ததில்லை.

புதுச் சட்டம் வந்த கோடையில், அதைப் பற்றித்தான் வகுப்பு. சேலத்திலிருந்து வந்த மூத்த வக்கீல், பழையது என்ன, புதியது என்ன என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். மதலைமுத்து அந்த நேரம் பூராவும் வெளியே புளியமரத்தடி டீக்கடையில் நின்று போண்டாவுக்குக் காரம் போதாது என்று மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் உள்ளே ஓடி வந்து நன்றியுரை சொன்னார். “செவிக்கு விருந்து படைத்தீர்கள் ஐயா, ஒவ்வொரு வரியும் முத்து” என்றார். ஒரு வரியும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. போண்டா நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கோர்ட்டில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவருக்கு மட்டுமில்லை, அந்தக் காலத்து வக்கீல்கள் பல பேருக்கும் உண்டு. கொலைக் கேஸில் தீர்ப்பு வாசிக்கும் நாளில், ‘குற்றவாளி’ என்ற சொல் காதில் விழுந்ததும், நீதிபதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே நழுவிவிடுவது. அதற்குப் பிறகு வக்கீலுக்குப் பேச ஒன்றும் கிடையாது. முன் வாசலில் கச்சிக்காரனின் பெண்டாட்டி பிள்ளைகள் நிற்பார்கள். காலைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். “அதுல மாட்டிக்கிட்டா அன்னிக்குச் சோறு எறங்காது. குத்தவாளின்னதும் கெளம்பிடு” என்று அவருடைய சீனியர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இருபது வருஷமாக அந்தக் கதவு வழியாகப் போய்ப் போய், கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும்.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கேஸ் வந்தது. சென்றாயன் என்ற விவசாயி. அவனுக்கும் அவன் பங்காளி பச்சியப்பனுக்கும் பொதுக் கிணறு. ஆயில் எஞ்சின் முறை யாருடையது என்று வாய்த்தகராறு முற்றி, எஞ்சினைச் சுற்றிவிடும் இரும்பு ஹேண்டிலால் சென்றாயன் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டான். பச்சியப்பன் மண்டை பிளந்து விழுந்தான். மறுநாள் செத்தும் போனான். போலீஸ் கொலைக் குற்றம் என்று எழுதியது.

சப் ஜெயிலில் முதன்முதலில் பார்க்கப் போனபோது சென்றாயன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “அடிச்சது நாந்தானுங்க. ஆனா வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போனதும் நாந்தானுங்க. ரோடெல்லாம் தண்ணிங்க. எம் பெண்டாட்டி தீர்த்தம்மா மடியில அவன் தலைய வெச்சுக்கிட்டு வந்தா. ஆஸ்பத்திரி வாசல்ல அவன் மச்சான் நின்னான். என்னைப் பாத்ததும் புடிச்சுத் தள்ளிட்டு, அவனே உள்ள தூக்கிக்கிட்டுப் போயிட்டானுங்க. அண்ணா, செத்துப் போயிடாதடான்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே ஓட்டுனேனுங்க.”

மதலைமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடப்பாவி, இதை வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்லீங்க.”

“சொல்லாதே. வண்டி கட்டினேன்னு சொன்னீன்னா அடிச்சது நீதான்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. உன் பெண்டாட்டியும் வாயத் தொறக்கக் கூடாது. கோர்ட்ல யாரு என்ன கேட்டாலும் உனக்கு ரெண்டே பதில்தான். சாட்சி சொன்னது நெசமான்னு கேட்டா, பொய்யுங்கன்னு சொல்லு. வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டா, ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்.”

“ஒண்ணும் இல்லீங்க.”

“இன்னொரு தரம்.”

“ஒண்ணும் இல்லீங்க.”

பள்ளிக்கூட வாத்தியார் தோற்றார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது வீட்டுப் பழமொழி. கோர்ட்டில் வாயை மூடுகிற பிள்ளைதான் பிழைக்கும் என்பது வக்கீல்களின் பழமொழி. கேஸையும் அவர் நன்றாகத்தான் நடத்தினார். சும்மா சொல்லக் கூடாது, சாட்சி சொல்ல வந்த பச்சியப்பனின் மச்சானைக் குறுக்கு விசாரணையில் நாலாகக் கிழித்துப் போட்டார். ஆனால் ஆஸ்பத்திரி வாசல் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மச்சானும் தன் பங்குக்கு அதை மறைத்துவிட்டான்.

தீர்ப்பு நாள். நீதிபதி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார். கொலை செய்யும் நோக்கம் நிரூபணம் ஆகவில்லை. ஆத்திரத்தில் ஒரே ஒரு அடி. ஆகவே கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குக் குற்றவாளி. தூக்குக்கயிறு விலகிவிட்டது! மதலைமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வழக்கம்போலக் கும்பிட்டார், கவுனை இடுக்கிக்கொண்டார், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறிப் புளியமரத்தடிக்குப் போய் ஒரு டீ சொன்னார்.

உள்ளே நீதிபதி வாசிப்பதை நிறுத்திவிட்டு, கூண்டைப் பார்த்து, “உனக்கு விதிக்கப்போகும் தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்கிறாயா?” என்று கேட்டார். சென்றாயன் வக்கீலின் நாற்காலியைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. நீதிபதியும் பார்த்துவிட்டு, வக்கீலைக் கூப்பிட்டு வர டபேதாரை அனுப்பினார். வராந்தாவில் டபேதார் தன் பெயரைக் கூவியது மதலைமுத்துவின் காதில் விழத்தான் செய்தது. அடுத்த வாய்தாக் கேஸுக்காக இருக்கும் என்று டம்ளரை மெதுவாகவே உறிஞ்சினார். நீதிபதி இரண்டாம் முறையும் கேட்டார். “குடும்ப நிலைமை, நடந்ததைப் பற்றி வருத்தம், எதுவானாலும் சொல்லலாம்.”

சென்றாயன் கைகட்டி நின்று, சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் சொன்னான். “ஒண்ணும் இல்லீங்க.”

கேட்டும்கூட வருத்தத்தின் சாயல் இவனிடம் இல்லை என்று நீதிபதி எழுதினார். அந்தக் குற்றத்துக்கு எவ்வளவு அதிகம் போடலாமோ அவ்வளவும் போட்டார். பத்து வருஷம்.

அடுத்த கேஸுக்காக அதே ஹாலில் உட்கார்ந்திருந்த நஞ்சப்பன் வக்கீல்தான் டீக்கடைக்கு வந்து சொன்னார். “என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? போன வருசம் நம்ம வகுப்புல இதைத்தானே அவரு விடிய விடியச் சொன்னாரு? தண்டனைக்கு முன்னால கேப்பாங்க, வக்கீல் பக்கத்துல இருக்கணும், அதுவரைக்கும் மறைச்சதக்கூட அங்க சொல்லலாம்னு. மூணு வருசம், மிஞ்சினா நாலுன்னுதான் நான் நெனச்சேன்.” மதலைமுத்துவின் கையில் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தெரியாமல் நின்றார்.

மெட்ராஸில் அப்பீல் போட்டார்கள். கேஸ் கட்டில் இல்லாத மாட்டுவண்டியை மேல்கோர்ட்டில் எப்படி ஓட்டுவது? தள்ளுபடி ஆனது. ஜெயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவர் போனார். அவர் வாயைத் திறக்கும் முன்பே சென்றாயன் முகம் மலர்ந்து, “நீங்க சொன்ன மாதிரியேதானுங்க சொன்னேன். ரெண்டு தரம் கேட்டாரு, நான் அசையவே இல்லீங்க” என்றான். பிறகு கை கூப்பி, “தூக்குல இருந்து எறக்கி வுட்டுட்டீங்க” என்றான். அதற்கு மேல் இவர் என்ன சொல்வார்? பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதோடு விட்டதா? அந்தக் கார்த்திகையில் கடலை பிடுங்கி மாசூல் முடிந்ததும் அவன் பெண்டாட்டி தீர்த்தம்மாள் ஒரு மூட்டைக் கடலைக்காயைத் தலையில் சுமந்துகொண்டு ஏரியூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். “எம் புருசன் உசுரக் காப்பாத்துனவருங்க நீங்க. எங்க காட்டுக் கல்லக்கா, மொதல் மூட்டை உங்களுக்குத்தானுங்க” என்று வாசலில் இறக்கினாள். அடுத்த வருஷமும் வந்தாள். மதலைமுத்துவின் மனைவி இசபெல்லா அதை அவித்தும் வறுத்தும் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். அவர் ஒன்றைக்கூடத் தொட மாட்டார். பித்தம் என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மடி நிறையக் கடலையோடு பேப்பர் படித்த மனிதருக்குத் திடீரென்று பித்தம் எங்கிருந்து வந்தது என்று இசபெல்லாவுக்குப் புரியவில்லை.

மாதா கோயிலில், சாமியார் முன் மண்டியிட்டுச் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பங்குச்சாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: “ஆண்டவருக்கு எத்தனை தடவை ஐயா சொல்வீர்? அவருக்குத் தெரியும். அந்தம்மாவுக்குச் சொன்னீரா?” சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் மூட்டையை இறக்கிவிட்டு நன்றி சொல்லத் தொடங்கியதும், அவர் இசபெல்லாவைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே நழுவினார். கூண்டில் நின்றவனுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அவருக்கே படிந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மனசு கேட்கும். ஒண்ணும் இல்லை என்று வாய் இறுகிக்கொள்ளும்.

அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதவு. கோர்ட்டில் யாருடைய கேஸானாலும் ‘குற்றவாளி’ என்ற சொல் வந்ததும் எழுந்து போய்ப் பக்கவாட்டுக் கதவை மறித்து நிற்கிறார். நழுவப் பார்க்கும் சின்ன வக்கீலை, “உக்காருப்பா, இன்னும் முடியல” என்று திருப்பி அனுப்புகிறார். வகுப்பில் போண்டாவும் டீயும் பேச்சு முடிந்த பிறகுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். அவருக்கும் அது தெரியும்.

போன கார்த்திகை மாதத்து வகுப்பு நில உச்சவரம்பைப் பற்றி. பேச்சு பாதியில் இருந்தபோது வெளியிலிருந்து கதவைத் தட்டும் சத்தம். மதலைமுத்து முதுகை எடுக்கவில்லை. மறுபடியும் தட்டினார்கள். “வக்கீலய்யா, நானுங்க” என்று குரல் கேட்டது. அவர் திரும்பிக் கதவைத் திறந்தார்.

வராந்தாவில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தீர்த்தம்மாள் நின்றிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை.

“வூட்டுக்குப் போனேனுங்க. அம்மா நீங்க இங்க இருக்கறதா சொன்னாங்க” என்றாள். “ஆடியிலயே போயிட்டாருங்க. ஜெயில் ஆஸ்பத்திரியில. மஞ்சக்காமாலைங்க. கடைசியா பாக்கப் போனப்பக்கூட, மாசூல் வந்ததும் வக்கீலய்யாவுக்குக் குடுக்கறத வுட்டுடாதன்னு சொன்னாருங்க. அதான் எடுத்துக்கிட்டு வந்தேன்.”

மதலைமுத்து மூட்டையைப் பார்த்தார். உள்ளே பேச்சாளர் ஏக்கர் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தீர்த்தம்மா, அந்த மூட்டைய எனக்குக் குடுக்காத” என்றார்.

“ஏனுங்க? நல்ல காயிங்க.”

“உன் புருசனை நான் காப்பாத்தல. கேளு. எத்தினி வருசம் போடலாம், ஏதாச்சும் சொல்லணுமான்னு அன்னிக்கு ஜட்ஜு கேட்டாரு. நான் பக்கத்துல நின்னு சொல்லியிருக்கணும். நான் அங்க இல்ல. டீ குடிக்கப் போயிட்டேன். அப்படி ஒரு கேள்வி கேப்பாங்கன்னே எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்க வேண்டிய நேரத்துல போண்டா வாங்கிக்கிட்டு இருந்தேன். மூணு வருசம் போட்டிருந்தா, ஜெயில்ல குடுக்கற கழிவு போக, இந்த ஆடிக்கு முன்னாலயே வூட்டுக்கு வந்திருப்பான்.”

பேச்சாளர் நிறுத்திவிட்டார். முப்பது தலைகளும் வாசல் பக்கம் திரும்பியிருந்தன.

தீர்த்தம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் இல்லீங்கன்னு அவருதானுங்களே சொன்னாரு?” என்றாள்.

“நான் சொல்லிக் குடுத்ததும்மா அது.”

“அப்ப, வண்டி கட்டி ஓட்டிக்கிட்டுப் போனது அந்த ஜட்ஜுக்குத் தெரியவே தெரியாதுங்களா? என் சீலையெல்லாம் ரத்தமுங்க. அதுவும் தெரியாதுங்களா?”

“தெரியாதும்மா.”

அவள் அழுவாள் என்றுதான் அவர் நினைத்தார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்றும் நினைத்தார். அவள் மூட்டையின் வாய்க்கட்டு தளர்ந்திருந்ததை இறுக்கி முடிந்தாள். இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். முழு மூட்டை, ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

மதலைமுத்து கதவை விட்டு விலகி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் அது விரியத் திறந்து கிடந்தது. உள்ளே இருந்து யாரும் எழுந்து வரவில்லை. அவர் கறுப்புக் கோட்டோடு குனிந்து, மூட்டையின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கி, அவள் தலையில் ஏற்றினார். அது ஆடாமல் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.